பறவைகளுக்கென்று அரை ஏக்கர்: விதைப் படுகைக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரிச் செம்மண் நிலம் இருக்கிறது. அதில் அரை ஏக்கரைக் கௌதாரி, காடை, மயில் பொறுக்கித் தின்பதற்கென்றே விடுகிறேன். வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பு, குதிரைவாலி, தினை மூன்றையும் கலந்து தூவ எண்ணம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், வீட்டிலேயே கேட்டுப் பழகிவிட்டது.

கையில் இருப்பவை சிறிய டிராக்டர், கொத்துக் கலப்பை, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர். சீமைக் கருவேலத் தூர்களை எடுத்தாகிவிட்டது. ஆனால் ரோட்டவேட்டர் ஓட்டினால் மண் மாவாகிவிடுகிறது. மிதித்தால் கணுக்கால் வரை புதைகிறது. தினையோ பொடி விதை. ஓரிரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முளை மேலே வருவதே பாடு. போதாததற்கு, பெரிய மழை ஒன்று அடித்துக் காய்ந்தால் அந்த மாவே அப்பளம் போல ஓடு கட்டிவிடும்.

ரோட்டவேட்டரை ஓரங்கட்டிவிட்டு, கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக உழுது, பலகை இழுத்துச் சமன் செய்யும் பரம்பு அடித்தால் போதுமா? விதைத்த பிறகு மண்ணை அமுக்க, சிமெண்ட் நிரப்பிய குழாயை உருளையாகக் கட்டி இழுத்தவர்கள் யாராவது உண்டா? எடை எவ்வளவு வைத்தீர்கள்? காரைக்குடி, திருப்பத்தூர் பக்கம் உருளை வாடகைக்குக் கிடைத்தாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. பக்கத்து நிலத்துக்காரர் கடலை போடுகிறார். மயிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் பறவை. அதன்மேல் கை வைக்க முடியாது. என் தானியம் மயிலை இங்கேயே நிறுத்துமா, அவர் கடலைக்கும் சேர்த்து அழைத்து வருமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால், விதைப்பதற்கு முன் அவரிடம் பேசிவிடுவேன்.