புது பிக்கப்பில் கிரைண்டர் கல் லோடு: பாடியில் சொட்டை விழாமல் இருக்க என்ன விரிப்பது?

கல்லுவண்டிக்காரன்

வணக்கமுங்க. எனக்கு ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கிராமம். வைகாசியில் 1.7 டன் பிக்கப் ஒன்று எடுத்தேன். பாடி 9 அடிக்கு 5½ அடி.

நம் தொழில் கிரைண்டர் கல். பட்டறையில் கொத்தி முடித்த உரலையும் குழவியையும் கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் கிரைண்டர் பூட்டுகிற இடங்களில் கொண்டுபோய் இறக்குவேன். வீட்டுக் கிரைண்டர் கல்லை ஒரு ஆள் தூக்கி வைத்துவிடலாம். ஓட்டல் கிரைண்டர் உரலுக்கு இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருத்தருக்குக் கை நழுவினால் போச்சு.

மூன்றாவது லோடிலேயே பின் கதவை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை விழுந்துவிட்டது. நேற்று கழுவும்போது எண்ணினேன், பதினொன்று. நாலு இடத்தில் பெயின்ட் பெயர்ந்து தகரம் பளபளவென்று தெரிகிறது. அவிநாசி தாண்டி ஒரு நாள் திடீர் பிரேக் போட்டதில் குழவி உருண்டுபோய் கேபின் பக்கத்துச் சுவரும் நெளிந்துவிட்டது.

"கல்லு வண்டின்னா கல்லு விழத்தான் செய்யும்" என்கிறார் அப்பா. அவர் மாட்டு வண்டியில் கல் ஏற்றியவர், அவருக்குத் தகரம் என்றாலே திருவிழாக் கடை பொம்மை. எனக்கு மனசு கேட்க மாட்டேன் என்கிறது. தவணை இன்னும் 40 பாக்கி இருக்கிறது.

முதலில் சாக்கு விரித்தேன். கல்லை இழுக்கும்போது சாக்கும் கூடவே வந்துவிடும். அப்புறம் பொள்ளாச்சி மச்சான் தென்னை நார்ப் பாய் கொடுத்தார். ஒரு மழைக்குக் குடித்த தண்ணீரை வாரம் முழுக்க வைத்திருந்தது. தூக்கிப் பார்த்தால் அடியில் செம்மண் கரைத்து ஊற்றியதுபோல் துரு. பாய் இப்போது மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது, மாட்டுக்குச் சௌகரியம்.

செக்கர் பிளேட் (மேலே பூ மேடு உள்ள இரும்புத் தகடு), ஸ்பிரே கோட்டிங், பிளாஸ்டிக் தொட்டி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக்கு எருவும் பொட்டாஷ் மூட்டையும் இதே வண்டியில்தான். எதைச் செய்யலாம் என்று சொல்லுங்க.

பண்டல் பார்ட்டி

நண்பா, நான் திருப்பூரில் பனியன் துணி ரோல் ஓட்டுகிறேன். பாலியூரியா ஸ்பிரே அடித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கீறல் இல்லை, ரோலும் வழுக்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுங்கள்.

கிணத்துக்கடவு அக்கா

தம்பி, பிளாஸ்டிக் தொட்டிப் பக்கமே போகாதீங்க. என் வண்டி தோட்டத்து வண்டி. உரம், கோழி எரு, தேங்காய் எல்லாம் அதில்தான். பாடிக்குள் அப்படியே உட்கார்கிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி, நகராமல் இருக்கப் பாடியில் ஆறு ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்கினோம். மூன்று வருஷம் மேலே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. ஒரு நாள் அடியில் டயரைப் பார்க்கக் குனிந்த டிரைவர், "அக்கா, தொட்டி தெரியுதுங்க" என்றான். தகரம் அரித்து இரண்டு இடத்தில் ஓட்டை! வண்டி ஓட ஓடப் பிளாஸ்டிக் ஆடி ஆடிப் பெயின்டைத் தேய்த்திருக்கிறது. அந்தச் சந்துக்குள் பொட்டாஷ் தூளும் மழைத் தண்ணீரும் இறங்கியிருக்கின்றன. பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு, இரும்பை விடாது. துரு முதலில் கிளம்பியது அந்த ஆறு ஓட்டையைச் சுற்றித்தான்.

சங்ககிரி லோடு

இதுக்கு இத்தனை யோசனையா? 3 எம்எம் செக்கர் பிளேட்டை வெட்டி உள்ளே போட்டு, சுற்றி வெல்டு வைத்துவிடுங்கள். யானை ஏறினாலும் சொட்டை விழாது. எங்கள் ஊரில் லாரிக்கே அதுதான் செய்கிறோம்.

பழைய டிங்கர்

தம்பி, முப்பது வருஷம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், எனக்கு வேலை காபி குடிப்பதும் இந்த மாதிரி சண்டையில் மூக்கை நுழைப்பதும்.

சங்ககிரிக்காரர் சொல்வது லாரிக்குச் சரி. உன் வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பார். இரும்புத் தகடு 1 எம்எம் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. உன் பாடி ஏறக்குறைய 4.6 சதுர மீட்டர். 3 எம்எம் போட்டால் 108 கிலோ, மேலே இருக்கிற பூ மேட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேரும். ஆர்.சி.யில் இருக்கிற மொத்த எடை அதே எடைதான். அப்போது ஒவ்வொரு நடையிலும் 108 கிலோ கல்லைக் கீழே விட்டுவிட்டுப் போகிறாய் என்று அர்த்தம். அதைவிடப் பெரிய வம்பு வெல்டு. வெல்டு வைத்த இடத்தில் அடிப்பக்கத்துப் பெயின்ட் கருகிவிடும். இரண்டு தகட்டுக்கு நடுவில் தண்ணீர் நின்றால் அக்கா சொன்ன கதைதான், கழற்றிப் பார்க்கவும் வழி இல்லை. எதற்காக வெல்டு வைத்தாலும் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல். இல்லாவிட்டால் ஆல்டர்நேட்டருக்கும் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் பெட்டிக்கும் ஆபத்து.

ஸ்பிரே கோட்டிங் நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கீறலையும் துருவையும் தடுக்கும், சொட்டையைத் தடுக்காது. இரண்டு மூன்று எம்எம் தோல் அது. துணி ரோலுக்குப் போதும். உரல் விழுந்தால் தோலோடு சேர்ந்து தகரமும் உள்ளே போகும்.

உனக்கு வேண்டியது அடி வாங்குகிற சாமான். பழைய கன்வேயர் பெல்ட். எம்-சாண்ட் கிரஷரில் தேய்ந்து கழற்றியது பழைய சாமான் கடையில் கிடைக்கும். 10 எம்எம் கனம், 30 அங்குல அகலம், 9 அடி நீளத்தில் இரண்டு துண்டு. இரண்டும் சேர்ந்து 50 கிலோ சுமார்தான். உள்ளே நைலான் துணி உள்ளதாகப் பார்த்து வாங்கு. இரும்புக் கம்பி ஓடுகிற பெல்ட்டை வாங்கினால் வெட்டுவதற்குள் உயிர் போய்விடும். சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும் (உங்க ஊர் வெண்ணெய்தான்). தேய்ந்த பக்கம் கீழே இருக்கட்டும்.

ஒட்டாதே, ஸ்க்ரூ போடாதே. சும்மா விரி. பக்கத்துக்கு மூன்று அங்குலம் இடைவெளி விட்டால் தண்ணீர் ஓடிவிடும். வாரம் ஒரு தடவை இரண்டையும் சுருட்டி இறக்கிவிட்டுப் பாடியைக் கழுவிக் காயவிடு. எரு, பொட்டாஷ் ஏற்றினால் அன்றைக்கே.

விரிப்பதற்கு முன்னால் அந்த நாலு இடத்தையும் எமரி போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு பெயின்ட் அடி. பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி மட்டும் வைக்காதே. தரைத் தகரம் லோடில் அசைந்துகொண்டே இருக்கும், பட்டி வெடித்து அதற்குள் தண்ணீர் போகும். சொட்டையை எடுக்கச் செலவும் பண்ணாதே. தண்ணீர் தேங்குகிற சொட்டையை மட்டும் அடியிலிருந்து மரச் சுத்தியால் தட்டிவிடு, போதும்.

கேபின் பக்கச் சுவருக்குத் தென்னம்பலகை நாலு, குறுக்கே. குழவியை உருளவிட்டது உன் தப்பு தம்பி, அதற்கு எந்த விரிப்பும் பதில் சொல்லாது. முன் சுவரோடு அணைத்து அடுக்கி, ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்குகிற நாடா) போட்டு இறுக்கு.

கடைசியாக, உன் சொட்டை எல்லாம் பின் கதவுப் பக்கம்தானே இருக்கிறது? கல் முதலில் உட்காருகிற இடம் அது. கேஸ் சிலிண்டர் இறக்குகிறவர்கள் டயர் போட்டு அதன்மேல் போடுவதைப் பார்த்திருப்பாய். அதேபோல் ஒரு பழைய டயரை அங்கே படுக்கப் போட்டு, கல்லை அதில் இறக்கி உள்ளே தள்ளு.

சங்ககிரி லோடு

108 கிலோவா! நான் எடை போட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் பெல்ட் கிழியுமுங்க.

பழைய டிங்கர்

கிழியட்டும். கிழிந்தால் வேறு துண்டு வாங்கலாம், பாடி வாங்க முடியுமா?

கல்லுவண்டிக்காரன்

மாமா, மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். பெல்ட் பல்லடம் ரோட்டில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. சோப்புத் தண்ணீர் விஷயம் நிஜம். பதினாலு நடை போய்விட்டேன், புதுச் சொட்டை ஒன்றுகூட இல்லை. சத்தமும் பாதியாகிவிட்டது. மத்தியானம் வெறுங்காலோடு ஏறினால் மட்டும் கால் வெந்துவிடுகிறது.

டயரில்தான் ஒரு சிக்கல். ஓட்டல் உரலை அதன்மேல் வைத்ததும் எகிறித் திரும்பி வந்தது. தம்பி காலை இழுத்ததால் தப்பித்தான். காற்றே இல்லாத டயர் இப்படித் துள்ளுமா?

பழைய டிங்கர்

துள்ளும். சொல்ல மறந்தது என் தப்பு. நடு ஓட்டையிலும் டயர் வயிற்றுக்குள்ளும் பழைய சாக்கைத் திணித்து இறுக்கமாக்கு, அப்புறம் துள்ளாது. முதலில் வீட்டுக் கல்லை வைத்துப் பார். பெரிய உரலைப் போடவே கூடாது, பலகை சாய்த்து மெதுவாக ஏற்று. காலுக்கு முன்னால் வண்டி ஒரு பொருட்டா?

கிணத்துக்கடவு அக்கா

அண்ணா, கோழி எருவுக்கு இந்தப் பெல்ட் தாங்குமா? எனக்கும் இரண்டு துண்டு வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

பழைய டிங்கர்

பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது அம்மணி. அடியில் இறங்குகிற சாற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். எரு ஏற்றுகிற நாளில் பெல்ட்டுக்கு மேலே தார்ப்பாய் விரித்து, ஓரத்தைச் சுவர்மேல் மடித்து விடுங்கள். இறக்கினதும் மூன்றையும் தனித்தனியாகக் கழுவணும். அந்த இரண்டு ஓட்டையை அடைத்துவிட்டீர்களா, இல்லை இன்னும் அப்படியேதான் ஓடுதா?