நான்காவது விலைப்புள்ளி வந்ததும் தரவரிசை மாறியது ஏன்? லாரி ஒப்பந்தம் குறித்து ஒரு கேள்வி

ஆம்பூர் அனுப்புகைப் பிரிவு:

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூர் அருகே ஏற்றுமதிக் காலணி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில், சரக்கை அனுப்பும் பிரிவில் பணிபுரிகிறேன். ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைத் துறைமுகப் பகுதிக்கு அட்டைப்பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லாரி ஒப்பந்தத்தை, இம்முறை பழக்கத்தை வைத்து முடிவு செய்யாமல், மதிப்பெண் போட்டு முடிவு செய்யுமாறு மேலாளர் கூறியிருக்கிறார்.

மூன்று லாரிக்காரர்கள் விலைப்புள்ளி கொடுத்தார்கள். பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன். 'அ' ஒரு நடைக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். சென்ற ஆண்டுப் பதிவேட்டின்படி அவருடைய நடைகளில் 84 விழுக்காடு குறித்த நேரத்துக்குச் சேர்ந்துள்ளன. 'ஆ' கேட்பது 20,000, நேரம் தவறாமை 92 விழுக்காடு. 'இ' கேட்பது 22,000, நேரம் தவறாமை 94 விழுக்காடு. ஒவ்வோர் அளவுகோலிலும் சிறந்தவருக்கு 1, கடைசியாக இருப்பவருக்கு 0, இடைப்பட்டவருக்கு விகிதப்படி மதிப்பெண் கொடுத்து, வாடகைக்கு 0.6, நேரத்துக்கு 0.4 என்று எடை வைத்தேன். 'ஆ' 0.62, 'அ' 0.60, 'இ' 0.40 என்று வந்தது.

கோப்பை மேலாளரிடம் வைப்பதற்கு முன் நான்காவதாக 'ஈ' வந்தார். அவர் கேட்பது 21,000. நேரம் தவறாமை வெறும் 64 விழுக்காடு. இரண்டு அளவுகோலிலும் அவர் 'ஆ'வை விட மோசம் என்பதால் அவரை யாரும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. ஆனால் பட்டியலில் அவரைச் சேர்த்ததும் 'அ' 0.87 பெற்று முதலிடத்துக்கு வந்துவிட்டார், 'ஆ' 0.67-உடன் இரண்டாமிடத்துக்கு இறங்கிவிட்டார். கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன், கூட்டலில் பிழையில்லை. இது நான் எடுத்துக்கொண்ட முறையின் குறையா? இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை காணும் ஏஎச்பி முறைக்கோ, மிகச் சிறந்த, மிக மோசமான புள்ளிகளிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று அளக்கும் டாப்சிஸ் முறைக்கோ மாறினால் இது தீருமா?

இராணிப்பேட்டை உற்பத்திப் பொறியாளர்:

ஐயா, உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மாறியது அளவுகோலின் நீளம். மூவர் மட்டும் இருந்தபோது நேரத்துக்கான அளவுகோல் 84-இல் தொடங்கி 94-இல் முடிந்தது. ஆகவே 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையிலுள்ள 8 புள்ளிகள் அந்த அளவுகோலில் ஐந்தில் நான்கு பங்கு. 'ஈ' வந்த பிறகு அது 64-இல் தொடங்குவதால், அதே 8 புள்ளிகள் கால் பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிட்டன. வாடகையின் அளவுகோலோ 18,000 முதல் 22,000 வரை அப்படியே நிற்கிறது. ஆகவே எடை 0.4 என்றே எழுதப்பட்டிருந்தாலும், நேரம் தவறாமைக்கு இருந்த செல்வாக்கு உங்களை அறியாமலே மூன்றில் ஒன்றாகிவிட்டது.

முறையை மாற்றுவதால் மட்டும் இது தீராது. தாமஸ் சாட்டியின் ஏஎச்பி முறையிலும் இதே சிக்கல் உண்டு என்பதை ஆய்வாளர்கள் பெல்டனும் கியரும் 1983-லேயே காட்டினார்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒன்றின் நகலை நான்காவதாகச் சேர்த்தாலே முதலிடம் மாறியது. 1981-இல் ஹ்வாங், யூன் இருவரும் வெளியிட்ட டாப்சிஸ் முறையில், மிகச் சிறந்த புள்ளியும் மிக மோசமான புள்ளியும் பட்டியலில் இருப்பவர்களிடமிருந்தே எடுக்கப்படுவதால், புதியவர் ஒருவர் வந்தால் அவையும் நகரும்.

தீர்வு எளிது. விலைப்புள்ளி உறைகளைப் பிரிப்பதற்கு முன்பே அளவுகோலின் இரு முனைகளையும் எழுதி வைத்துவிடுங்கள். வாடகை 24,000 என்றால் 0, 16,000 என்றால் 1. நேரம் 80 விழுக்காடு என்றால் 0, 100 என்றால் 1. எண்பதுக்குக் கீழே இருப்பவர் பட்டியலுக்கே வரக்கூடாது. அப்படிப் போட்டுப் பார்த்தேன்: 'ஆ' 0.54, 'அ' 0.53, 'இ' 0.43. 'ஈ' வந்தாலும் வராவிட்டாலும் இது மாறாது.

பேர்ணாம்பட்டு தோல் கொள்முதல்:

எண்பதுக்குக் கீழே வேண்டாம் என்று மேலே உள்ளவர் சொன்னதை வழிமொழிகிறேன். சில நிபந்தனைகள் மதிப்பெண்ணுக்கு உரியவையே அல்ல. பாலாற்றுப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்த பிறகு, கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஓர் ஆலையை, விலையில் அதிக மதிப்பெண் பெற்றது என்பதற்காக எவரும் பட்டியலில் வைத்திருக்க முடியாது. லாரியிலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய் ஒழுகி, தோலில் பூஞ்சணம் பிடித்தால், வாடகையில் மிச்சப்படுத்திய பணம் அதை ஈடுகட்டாது. வண்டியின் மேல்மூடியை முதலில் பாருங்கள், எண்களைப் பிறகு பார்க்கலாம்.

வாணியம்பாடி கணக்கர்:

0.54, 0.53 என்பதை வெற்றி தோல்வி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறியாளர் நிறுத்திய அளவுகோலில் வாடகையின் எடையை 0.60-இலிருந்து 0.62-ஆக உயர்த்தினாலே 'அ' முந்திவிடுவார். அறுபதா அறுபத்திரண்டா என்பதை எந்த மேலாளராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே எடையைப் பற்றி வாதிடுவதை விட்டுவிட்டு, அந்த எடைக்கு ரூபாயில் என்ன பொருள் என்று கேட்க வேண்டும்.

'ஆ'வுக்கு ஒரு நடைக்கு 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதற்குக் கிடைப்பது, நூறு நடைகளில் எட்டுத் தாமதங்கள் குறைவது. 2,000-ஐ 0.08-ஆல் வகுத்தால் 25,000. அதாவது, ஒரு தாமதத்தால் உங்களுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் இழப்பு என்றால் 'ஆ', அதற்குக் குறைவு என்றால் 'அ'. இந்த ஒரே கேள்விக்குத்தான் விடை தேவை. இதே வழியில் பார்த்தால், நீங்கள் முதலில் போட்ட 0.6, 0.4 எடைகளுக்குள் ஒரு தாமதத்தின் விலை ஏறக்குறைய 26,700 ரூபாய் என்பது ஒளிந்திருக்கிறது. 'ஈ' பட்டியலில் சேர்ந்ததும் அதே எடைகள் அந்த விலையை 8,900 ஆக்கிவிட்டன. தரவரிசை தலைகீழானதற்கு இதுவே காரணம். 'ஆ'விலிருந்து 'இ'க்குப் போக வேண்டுமானால், இன்னொரு 2,000 ரூபாய்க்கு இரண்டே புள்ளிகள்தான் கிடைக்கின்றன. ஒரு தாமதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு வைத்தால்தான் அது கட்டுப்படியாகும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இரண்டு மணி நேரம் பிந்தி வந்து, கூலியாட்களைக் காக்க வைத்த நடையும், கப்பலுக்குச் சரக்கை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரமான கட்-ஆஃபைத் தவறவிட்டு, சரக்கை விமானத்தில் அனுப்ப வைத்த நடையும் உங்கள் பதிவேட்டில் ஒரே 'தாமதம்' என்றுதானே இருக்கின்றன? முதலாவதற்குச் சில ஆயிரங்கள் போகும். இரண்டாவதில் அந்த ஏற்றுமதியின் லாபமே போய்விடும். இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

வேலூர் மருத்துவமனைக் கொள்முதல்:

கணக்கர் சொல்வது லாரிக்குப் பொருந்தும். ஆனால் எல்லாவற்றையும் ரூபாயாக்கலாம் என்று புதியவர்கள் எண்ணிவிடக் கூடாது. சலவை ஒப்பந்தம், நோயாளிகளுக்கான உணவு ஒப்பந்தம் போன்றவற்றை நாங்கள் முடிவு செய்யும்போது, செவிலியர் கண்காணிப்பாளரும் நிதிப் பிரிவும் எதை முதன்மையாகக் கருதுகிறார்கள் என்பதை வெளிக்கொணர ஏஎச்பியின் இணை ஒப்பீடு உதவுகிறது. இருவர் இருவேறு விடை கொடுத்தால் பெருக்கல் சராசரி (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம்) எடுக்கிறோம். சாதாரணக் கூட்டல் சராசரி எடுத்தால், 'இது அதைவிட எத்தனை மடங்கு' என்பதை 'அது இதைவிட எத்தனை மடங்கு' என்று திருப்பிக் கேட்கும்போது விடை பொருந்தாது.

இதில் ஒரு எச்சரிக்கை. எட்டு அளவுகோல் என்றால் 28 ஒப்பீடுகள். இருபதைத் தாண்டியதும் கலந்துகொள்பவர்கள் சலித்துப்போய் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் முரண்பாட்டு விகிதம் 0.10 என்ற வரம்பைத் தாண்டி, எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. ஆய்வாளர் ரெசாயி 2015-இல் வெளியிட்ட முறையில், மிக முதன்மையானதையும் மிகக் கடைசியானதையும் மட்டும் தேர்ந்து, மற்றவற்றை அவ்விரண்டோடு ஒப்பிடுவதால் எட்டு அளவுகோலுக்கு 13 ஒப்பீடுகளே போதும். கேள்வி கேட்டவருக்கு இருப்பதோ இரண்டே அளவுகோல். அவருக்கு இவை எதுவும் வேண்டாம்.

ஆம்பூர் அனுப்புகைப் பிரிவு:

எல்லோருக்கும் நன்றி. கணக்கர் ஐயா கேட்டபடி பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். 'அ', 'ஆ' இருவரும் சென்ற ஆண்டு ஆளுக்கு 25 நடைகள் ஓட்டியிருக்கிறார்கள். 'அ'வுக்கு நான்கு தாமதங்கள், 'ஆ'வுக்கு இரண்டு. கட்-ஆஃப் தவறியது இருவருக்கும் ஒவ்வொன்றுதான். மற்றவை எல்லாம் சில மணி நேரம் பிந்தியவை, காத்திருப்புக் கூலியோடு முடிந்தவை. மேல்மூடி இருவரிடமும் சரியாக இருக்கிறது.

வாணியம்பாடி கணக்கர்:

அப்படியானால் 84-க்கும் 92-க்கும் உள்ள வேறுபாடு இரண்டே நடைகள். அவையும் செலவு குறைந்த தாமதங்கள். அதற்காக ஒவ்வொரு நடைக்கும் 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதற்கு இப்போதைக்கு ஆதாரம் இல்லை. அதே நேரத்தில், 25 நடைகளில் ஒன்று தவறியதை வைத்து இருவரும் கட்-ஆஃப் விஷயத்தில் சமம் என்றும் சொல்லிவிட முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆண்டு ஒப்பந்தம் போட மாட்டேன். வழக்கமான நடைகளை 'அ'வுக்கு மூன்று மாதத்துக்குக் கொடுத்து, கட்-ஆஃப் தவறினால் பிடித்தம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவேன். அடுத்த கப்பலுக்கு வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாத சரக்குகளை மட்டும், நடைக்கு 20,000 என்றாலும், 'ஆ'விடம் கொடுப்பேன். பதிவேட்டில் 'தாமதம்' என்ற பத்தியை இன்றே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அடுத்த ஒப்பந்தத்தின்போது அதுதான் உதவும்.