பக்கத்து வீட்டு மரம் நம்ம வீட்டு மேல விழுந்தா செலவு யாரோடது? சேலம் ஆளுங்க அனுபவம் சொல்லுங்க

கன்னங்குறிச்சி ஆள்:
எங்க காம்பவுண்ட ஒட்டி பக்கத்து வீட்டு தென்னை ஒன்னு எங்க பக்கமா சாஞ்சு நிக்கும். வீட்டுக்கார பையன் பெங்களூர்ல வேலை, இங்க வாடகைக்கு விட்டிருக்காங்க. எங்க மரத்துல காய் போட வர்ற அண்ணன் ஒரு தடவ அத பாத்துட்டு "சார் அதுல கூன்வண்டு விழுந்துருச்சு, ரொம்ப நாள் நிக்காது"ன்னார். கிட்ட போய் பாத்தா மரத்துல ஓட்டை ஓட்டையா இருக்கு, அதுலருந்து பழுப்பு கலர்ல சாறு வழிஞ்சு காஞ்சு போய், மென்னு துப்புன மாதிரி நாரு வெளிய தள்ளிட்டிருக்கு, நடுக்குருத்தும் வாடிப்போச்சு. போட்டோ எடுத்து அந்த பையனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, மழைக்கு முன்னாடி எடுத்துடுங்க தம்பின்னு போட்டேன். "ஊருக்கு வரப்ப பாத்துக்கறேன்ணா"ன்னு ரிப்ளை வந்துச்சு, ஆளு வரல.

மே மாசம் ஒரு சாயங்காலம் மலைப்பக்கமிருந்து காத்து சுத்தி அடிச்சுது பாருங்க, மரம் பாதில முறிஞ்சு போர்டிகோ சிமெண்ட் சீட்டு மேல விழுந்து, அங்கிருந்து உருண்டு சின்டெக்ஸ் டேங்கையும் பைப்பையும் சேத்து காலி பண்ணிருச்சு. நல்லவேளை ஆளுங்க யாரும் வெளிய இல்ல.

போன் பண்ணா "காத்தடிச்சதுக்கு நான் என்னண்ணா பண்றது"ன்னார். கோவம் வந்துச்சு, ஆனா வக்கீல்ட்ட கேட்டா அது அப்படியே தள்ளிவிடற பேச்சும் இல்லயாம். நல்லா இருந்த மரம் திடீர்னு அடிச்ச சூறாவளில விழுந்தா அது கடவுள் செயல்னு சொல்லி ஓனர் தப்பிக்க சட்டத்துல இடம் இருக்கு, மரம் அவரோடதுங்கற ஒரே காரணத்துக்காக காசு வாங்கிட முடியாது. மரம் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சும், இல்ல பாத்தாலே தெரியற மாதிரி இருந்தும், சும்மா விட்டிருந்தா அப்பதான் அது கவனக்குறைவு, நஷ்டஈடு கேக்கலாம். அதனால எங்க கேஸ் முழுக்க அந்த ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல தான் நின்னுச்சு. வாயால சொன்னேன்னு மட்டும் இருந்திருந்தா நிரூபிக்கறது கஷ்டமாயிருக்கும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் பத்தாதாம், புது சாட்சிய சட்டத்துல 63வது பிரிவு (முன்னாடி 65பி) சர்டிபிகேட் சேத்து குடுக்கணும், அதனால போன மாத்திடாதீங்கன்னு வக்கீல் ரெண்டு தடவ சொன்னார்.

இந்த மாதிரி நஷ்டத்துக்கு சிவில் கேஸ் போட 3 வருஷம் டைம் இருக்கு, ஆனா நான் கேஸ் வரைக்கும் போகல. நோட்டீஸ் விட்டுட்டு, அஸ்தம்பட்டி கோர்ட்டு வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல மனு குடுத்தேன். கேஸ் போடாமயே லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) பேசிக்கலாம், கோர்ட் ஃபீஸ் கிடையாது, அங்க எழுதி கையெழுத்து போட்டா அது சிவில் கோர்ட் தீர்ப்பு மாதிரியே, அப்பீலும் கிடையாது. பையனும் வந்தார். "சீட்டு பழசு, புது சீட்டு ரேட்டு எதுக்கு தரணும்"னு நின்னார், அதுல நியாயம் இருக்குன்னு எனக்கே பட்டுச்சு, கொஞ்சம் கழிச்சுக்கிட்டோம். டேங்குக்கும் பைப்புக்கும் கூலிக்கும் முழுசா குடுத்துட்டார். இப்பவும் பேசிக்கறோம், தீபாவளிக்கு பலகாரம் கூட வந்துச்சு.

மலைக்காரி:
அண்ணா உங்களுக்கு தென்னை, எங்களுக்கு சில்வர் ஓக். ஏற்காட்ல எங்க வீட்டுக்கு மேல காப்பி தோட்டம், நெழலுக்கு வச்ச மரம், ஒன்னு வேர் பக்கம் மண்ணு அரிச்சு எங்க கூரைய பாத்துட்டு நிக்குது. தோட்டத்துக்காரர்ட்ட சொன்னா மரத்துல மிளகு கொடி ஏறியிருக்கு, மிளகு பறிச்சு முடிச்சுடறோம்மாங்கறார், பறிச்சு முடிச்சா பர்மிஷன் வரலைங்கறார். பர்மிஷன் வேணுங்கறது உண்மைதான், மலைல 1955ல வந்த மரப் பாதுகாப்பு சட்டம் இருக்கு, கமிட்டி அனுமதி இல்லாம சொந்த மரத்தயே வெட்ட முடியாது. ஆனா பர்மிஷனுக்கு எழுதி போட வேண்டியது அவருதான, அதயே பண்ணல!

கடைசில தெரிஞ்ச ரைட்டர் ஒருத்தர் வழி சொன்னார். விழற நிலைமைல இருக்கற மரத்த எடுக்க சொல்லி ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) உத்தரவு போடலாம், முன்னாடி சிஆர்பிசின்னு இருந்த குற்றவியல் நடைமுறை சட்டத்துல 133வது பிரிவு, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 152. இதுல ஒன்னு கவனிங்க, மனுல கூரை போயிடும் சுவரு போயிடும்னு எழுதினா எடுபடாது, அந்த பிரிவு ஆளுங்களுக்கு அடிபடும்ங்கறதுக்கு தான். நான் கொழந்தைங்க அந்த திண்ணைல தான் படிக்கும், வழில எஸ்டேட் ஆளுங்க போவாங்கன்னு எழுதி போட்டோ வச்சேன். விஏஓ வந்து பாத்தார், தோட்டத்துக்காரருக்கு நோட்டீஸ் போச்சு, அப்பறம் தான் அவரே ஓடி ஓடி பர்மிஷன் வாங்குனார். நஷ்டஈடு எதுவும் இதுல கெடைக்காது, மரம் விழறதுக்கு முன்னாடி பண்ற வேலை இது.

அழகாபுரம் தாத்தா:
கோர்ட்ல பெஞ்ச் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். கிளை நம்ம பக்கம் வந்துச்சுன்னா நம்ம எல்லை வரைக்கும் நாமளே வெட்டிக்கலாம், அவங்க எடத்துக்குள்ள கால் வைக்கக்கூடாது, இங்கிலாந்துல 1894லயே தீர்ப்பான விஷயம், இங்கயும் அதத்தான் எடுத்து பேசுவாங்க. வெட்டுன கிளையும் காயும் மரத்துக்காரருக்கு தான் சொந்தம். நான் பாத்ததுலயே பெரிய சண்டை நடந்தது சொவரு இடிஞ்சதுக்கு இல்ல, இந்தப் பக்கம் தொங்குன குண்டு மாம்பழத்துக்கு தான், ரெண்டு வீட்டுக்கும் பேச்சே போச்சு. வேரு உள்ள வந்து அஸ்திவாரத்த தூக்கறதுன்னா அது வேற, தெனமும் தொடர்ற தொல்லைன்னு தடை உத்தரவு கேக்கலாம், தேவைப்பட்டா அட்வகேட் கமிஷனர், அதாவது கோர்ட் நியமிக்கற வக்கீல், வந்து அளந்து பாத்து ரிப்போர்ட் போடுவார்.

தெருவோர மரமா இருந்தா யாரு மேல போறதுன்னு போன வாரம் கூட ஒருத்தர் கேட்டார். டெல்லில மரக்கிளை முறிஞ்சு ஸ்கூட்டர்ல போனவர் இறந்த வழக்குல மாநகராட்சி தான் பொறுப்புன்னு 1999ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அங்கயும் கேள்வி, மரத்த ஒழுங்கா பாத்துக்கிட்டாங்களாங்கறது தான்.

சூரமங்கலம் பிரதர்:
ஹோம் லோன் வச்சிருக்கறவங்க உங்க பாலிசிய ஒரு தடவ எடுத்து பாருங்க. பாரத் கிருஹ ரக்‌ஷான்னு 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் குடுக்கற ஸ்டாண்டர்ட் பாலிசி, அதுல புயல் காத்தும் இருக்கு, வெளி பொருள் மோதுறதுல மரம் விழறதுன்னே எழுதியிருக்கு. யார் தப்புன்னு சண்டை போட வேண்டியதில்ல, நம்ம கம்பெனி நமக்கு குடுத்துட்டு அவங்க பக்கத்து வீட்டுக்காரர்ட்ட வசூல் பண்ணிக்குவாங்க. எங்க மாமா இது தெரியாம கைக்காசு போட்டு ஓடு மாத்திட்டு அப்பறமா பாலிசிய தேடுனார்.

குகை சரவணா:
கன்னங்குறிச்சி அண்ணா, விழுந்த மரத்த யாரு எடுத்தது? எங்க வீட்டு மேல வேப்ப மரம் கெடக்குது, ஆசாரி ஒருத்தர் கட்டைக்கு விலை பேசிட்டு நிக்கறார்.

கன்னங்குறிச்சி ஆள்:
வித்துடாதீங்க சரவணா, கட்டை அவங்களோடது, நாளைக்கு அதயே கணக்குல கழிப்பாங்க. கரண்ட் கம்பில பட்டிருந்தா ஈபிக்கு சொல்லாம தொடவே தொடாதீங்க. முதல்ல நாலு பக்கமும் வீடியோ எடுங்க, முறிஞ்ச எடத்த கிட்ட வச்சு எடுங்க, உள்ள பொந்தா இருக்கா கரையான் இருக்கான்னு தெரியணும், இன்ஜினியர் ஒருத்தர கூட்டிட்டு வந்து எஸ்டிமேட் எழுதி வாங்குங்க. அப்பறம் அவங்களுக்கு மெசேஜ் போட்டு இன்ன தேதிக்குள்ள எடுக்கலைன்னா நான் எடுத்து செலவு உங்க கணக்குல எழுதுவேன்னு சொல்லிட்டு எடுங்க. மழை ஒழுகுதுன்னா தார்ப்பாய் மட்டும் இன்னிக்கே போட்டுருங்க, பில்ல பத்திரமா வைங்க, அதையும் சேத்து கேக்கலாம்.