கார்செட் முதுகுப் பக்கம் கூரை மாதிரி விரியுது, உதவுங்க

வணக்கம் மக்களே. நாடகத்துக்காக 1880கள் இங்கிலாந்து பாணியில ஒரு கார்செட் (இடையை இறுக்கிப் பிடிக்க முதுகுல கயிறு இழுத்துக் கட்டுற உடுப்பு) தைக்கிறேன். பக்கத்துக்கு 6 துண்டு, முன்னாடி கொக்கி வச்ச ஸ்டீல் பட்டை (பஸ்க்), இடுப்பு இழுபடாம இருக்க உள்ளே நாடா.

காடாத்துணியில மாதிரி தைச்சு அக்காவுக்குப் போட்டுப் பார்த்தேன். கயிறை இழுத்துக் கட்டினா முதுகுல மேலே 2 அங்குலம் இடைவெளி, சரி. கீழே 4 அங்குலம்! இடையைக் குறைச்ச வேகத்துல இடுப்பெலும்புப் பக்கமும் பிடிச்சுட்டேன்னு நினைக்கிறேன். அந்த 2 அங்குலத்தைப் பக்கவாட்டுத் துண்டுகளோட தையல்கள்ல பிரிச்சு விடலாமா, இல்ல முக்கோணத் துண்டு ஒட்டுப் போடணுமா?

துணி மடங்காம நிக்க உள்ளே வைக்கிற பட்டையா, பக்கவாட்டுக்கு வளையுற ஸ்பைரல் ஸ்டீலும், கயிறு கோக்குற கண்ணி ஓரத்துல தட்டை ஸ்டீலும் வாங்கியாச்சு. பிளாஸ்டிக் போடச் சொல்லாதீங்க, உடம்புச் சூட்டுல வளைஞ்சுடுது, பட்டாச்சு. தைச்சவங்க சொல்லுங்க, நல்ல துணியை இன்னும் வெட்டல.