பட்டாளத்து குரூப் போட்டோவில் தாத்தா யார்? எந்த யூனிட், எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க உதவி வேண்டும்

பேத்தி_71

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவைப் பெற்ற தாத்தா இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்தவர். 1951இல் இறந்துவிட்டார். அப்பாவுக்கு அப்போது மூன்று வயது, முகம்கூட ஞாபகம் இல்லை. டிஸ்சார்ஜ் புக், மெடல் எதுவும் மிச்சமில்லை. இருப்பது ஃபிரேம் போட்ட ஒரு குரூப் போட்டோ மட்டும்.

மூன்று வரிசை, மொத்தம் 31 பேர். முதல் வரிசை நாற்காலியில், நடுவில் ஒரு வெள்ளைக்காரர். பின்னால் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். "நிற்கிற முதல் வரிசையில் இடமிருந்து நாலாவது ஆள்தான் தாத்தா" என்று பாட்டி சொல்லியிருக்கிறார். வருஷா வருஷம் திதியன்று கண்ணாடியில் அந்த ஆளின் தலைக்கு மேல் சந்தனப் பொட்டு வைப்போம். நாற்பது வருஷப் பொட்டு, அந்த இடத்தில் கண்ணாடியே மங்கிவிட்டது.

போன மாதம் அத்தை வந்திருந்தார். 85 வயது. தாத்தா இறந்தபோது அவருக்குப் பதினொன்று. படத்தையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கப்பா இல்லடி" என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஒரே ரகளை.

தாத்தா பர்மாவில் சண்டை போட்டதாகத்தான் பேச்சு. மலை உச்சியில் இருந்த ஒரு பெரிய கோயிலை விமானத்திலிருந்து குண்டு போட்டு இடித்ததைக் கண்ணால் பார்த்ததாகப் பாட்டியிடம் சொல்லியிருக்கிறார்.

படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியே எடுக்கலாமா? இந்தப் படத்தை வைத்து மேலே ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

பழம்படம்

முதலில் அந்த மூலையைத் தொடாதீர்கள். ஈரம் பட்டுப்பட்டு படத்தின் மேல்பூச்சு கண்ணாடியில் பசை போலப் பிடித்திருக்கும். பிய்த்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லி யாராவது வருவார்கள், அதையும் கேட்காதீர்கள்.

கண்ணாடியோடே படம் பிடியுங்கள். ஃபிரேமைச் சுவரில் நேராகச் சாய்த்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் பிம்பம் விழாது. மொத்தப் படம் ஒன்று போதும். அதன் பிறகு தொப்பி, தோள், கை, நெஞ்சு, காலடி என்று நெருங்கி நெருங்கி எடுத்துப் போடுங்கள். முகத்தைவிட இவைதான் பேசும்.

செல்வா_டெக்

ஏஐ ஆப் ஏதாவது ஒன்றில் போட்டுப் பாருங்களேன், ஒரு நிமிஷத்தில் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்துவிடும்.

பேத்தி_71

படங்கள் இணைத்திருக்கிறேன். ஏஐயிலும் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் சினிமா ஹீரோ மாதிரி ஆகிவிட்டார்கள். ஆனால் சிலரின் கைப்பட்டையில் பறவை போல ஏதோ மங்கலாக இருக்கிறதே, அது விமானமாக மாறிவிட்டது.

பழம்படம்

அதனால்தான் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்கிறேன். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்புவதுதான் அதன் வேலை. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆராய்ச்சிக்கு ஆகாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓய்வு_ஹவில்தார்

தங்கச்சி, நான் பெங்களூரு எம்.இ.ஜி.யில், அதாவது மதராஸ் இன்ஜினியர் குரூப்பில், 17 வருஷம் இருந்தவன். உங்கள் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் வீட்டுப் படம் மாதிரியே இருந்தது. நாற்காலி வரிசையில் வலது ஓரம் இரண்டு பேர் உயரமாக, உருளை போல ஒரு தொப்பி போட்டிருக்கிறார்கள் பாருங்கள். அது டூப்டா. மதராஸ் சாப்பர்களின் அடையாளம். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் செய்கிற இன்ஜினியர் படை. 1780இலிருந்து இருக்கிறது.

நடுவில் இருக்கும் வெள்ளைக்காரர் தோளில் கிரீடம் மட்டும் இருக்கிறது, அவர் மேஜர். சாப்பர்களில் ஒரு ஃபீல்டு கம்பெனிக்கு மேஜர்தான் தலைவர். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் நம்மவர் தோளில் இரண்டு நட்சத்திரம், சுபேதார். ஒற்றை நட்சத்திரம் ஜமேதார், இன்றைக்கு நாயப் சுபேதார் என்கிறோமே அதே பதவி. நிற்பவர்களில் கையில் மூன்று பட்டை ஹவில்தார், இரண்டு நாயக், ஒன்று லான்ஸ் நாயக். பட்டை இல்லாதவர்கள் சாப்பர்.

ஒன்றுதான் உறுத்துகிறது. சுபேதாரின் நெஞ்சில் ரிப்பன் இரண்டு இருக்கிறது, சரி. ஆனால் ஏன் வலது நெஞ்சில்? எந்தப் பட்டாளத்துக்காரனும் போர் மெடல் ரிப்பனை வலப்பக்கம் குத்த மாட்டான்.

பழம்படம்

அண்ணன் நல்ல இடத்தில் கை வைத்தார். நான் சட்டை பட்டனைப் பார்த்தேன். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி மேலே வந்து வலப்பக்கத்தை மூடும். இங்கே 31 பேருக்கும் நேர்மாறாக இருக்கிறது. மேஜரின் வாட்ச்சும் வலக்கையில்.

பேத்தி, உங்கள் படம் இடம் வலமாகப் புரண்டிருக்கிறது. உங்களிடம் இருப்பது அசல் இல்லை, நகல். யாரோ அசலை ஸ்டூடியோவில் கொடுத்து காப்பி எடுத்திருக்கிறார்கள், அங்கே நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டுவிட்டார்கள். எழுத்து ஏதாவது இருந்தால் உடனே தெரிந்திருக்கும். அமைதிக் காலத்து குரூப் போட்டோவில் காலடியில் ஒரு பலகை வைத்து யூனிட் பெயர், தேதி எல்லாம் எழுதுவார்கள். போர்க்களத்தில் எடுத்த படங்களில் ரகசியம் கருதி பெரும்பாலும் அது இருக்காது. உங்கள் படத்திலும் இல்லை.

அப்படியானால் இடமிருந்து நாலாவது என்பது உங்கள் ஃபிரேமில் வலமிருந்து நாலாவது.

பேத்தி_71

கை நடுங்குகிறது. வலமிருந்து நாலாவது ஆளை அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இவர்தான். இந்தக் காது அப்படியே உங்கப்பன் காது" என்று அழுகிறார். காப்பி எடுத்தது 1970களில், என் பெரியப்பா மூலமாக என்று அப்பா சொல்கிறார். அசல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

நூலகப்பூனை

ரிப்பனையும் பறவையையும் வைத்து வருஷத்தைக் கொஞ்சம் நெருக்கலாம்.

சுபேதாரின் இரண்டாவது ரிப்பனில் நடுவே அகலமாக ஒரு கறுப்புக் கோடு, இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள். வட ஆப்பிரிக்கப் போருக்குக் கொடுத்த ஆப்பிரிக்கா ஸ்டார் மெடலின் ரிப்பன் மாதிரிதான் இருக்கிறது. அதன் நடுக்கோடு உண்மையில் சிவப்பு. அந்தக் காலத்தில் பல ஃபிலிம்கள் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளுப்பாகவும் காட்டும். இதை மறந்துவிட்டு ரிப்பன் அட்டவணையோடு ஒப்பிட்டால் எல்லாமே தப்பாகப் போகும். நானே ஒரு முறை அப்படி ஏமாந்து மூன்று மாதம் வேறு ரெஜிமெண்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆப்பிரிக்கா ஸ்டாரை அறிவித்தது 1943 ஜூலையில். பர்மா ஸ்டார், இத்தாலி ஸ்டார் எல்லாம் 1945 மே மாதம்தான் வந்தன. அவை இரண்டும் யார் நெஞ்சிலும் இல்லை. ஆக, படம் 1943 நடுவிலிருந்து 1945 நடுவுக்குள் எடுத்ததாக இருக்கலாம்.

கைப்பட்டையில் பறவையைச் சின்னமாக வைத்திருந்த இந்தியப் படைப்பிரிவுகள் என்று எனக்கு உடனே தோன்றுவது இரண்டு. 23வது பிரிவுக்குச் சேவல், அவர்கள் இம்பால் பக்கம் சண்டையிட்டவர்கள். 4வது பிரிவுக்குச் சிவப்புக் கழுகு. உங்கள் படத்தில் இறக்கை இரண்டு பக்கமும் விரிந்திருக்கிறது, சேவல் அப்படி நிற்காது. சிவப்பு கறுப்பாக விழுந்ததால்தான் கறுப்புத் துணியில் கழுகு பாதி காணாமல் போயிருக்கிறது. அந்த 4வது பிரிவில் மதராஸ் சாப்பர்களின் 12வது ஃபீல்டு கம்பெனி இருந்தது.

இப்போது பாட்டி சொன்ன கோயிலுக்கு வருகிறேன். 4வது பிரிவு எரித்ரியா, எகிப்து, துனிசியா என்று சுற்றிவிட்டு 1944 தொடக்கத்தில் இத்தாலியில் மான்டே கஸீனோ மலையடியில் இருந்தது. மலை உச்சியில் பழைய கிறிஸ்தவ மடாலயம் ஒன்று. 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் அதைக் குண்டு போட்டு இடித்தன. கீழே இருந்த நம் ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மலையில் டாங்க் ஏறப் பாதை வெட்டியதில் 4வது பிரிவுச் சாப்பர்களுக்கும் பங்கு உண்டு.

மலைமேல் கோயில் என்றதும் வீட்டில் பர்மாவில் இருக்கிற புத்தர் கோயில் என்று நினைத்திருப்பார்கள்.

ஓய்வு_ஹவில்தார்

அத்தைக்கும் அப்பாவுக்கும் எட்டு வயசு வித்தியாசம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940இல் ஒன்று, 1948இல் ஒன்று. நடுவில் உங்கள் பெரியப்பா பிறந்தது எந்த வருஷம்?

பேத்தி_71

1938. மூத்தவர். நடுவில் யாரும் இல்லை அண்ணா. அந்த இடைவெளிதான் தாத்தா போருக்குப் போயிருந்த காலம். இதை நாங்கள் யாருமே யோசித்ததில்லை.

நூலகப்பூனை

ஒரு எச்சரிக்கை. இவ்வளவும் பொருந்துகிறது என்பதற்காக 12வது கம்பெனி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே பிரிவில் வேறு சாப்பர் யூனிட்டும் இருந்தது. தாத்தாவின் ஆர்மி நம்பர் கிடைத்தால்தான் உறுதி.

ஓய்வு_ஹவில்தார்

அதேதான். ஆர்மி நம்பர் இல்லாமல் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் ஒன்றும் நகராது. டிஸ்சார்ஜ் புக் இல்லையென்றால் வேறு இடத்தில் தேடுங்கள்: பழைய மணியார்டர் துண்டு, பென்ஷன் தாள், கடித உறை. ஆனால் முதலில் பெட்டி. பட்டாளத்திலிருந்து வருகிறவன் கறுப்புத் தகரப் பெட்டியோடுதான் வருவான். மூடியில் நம்பர், ரேங்க், பெயர் மூன்றையும் வெள்ளை பெயிண்டில் எழுதியிருப்பான். வீட்டில் அரிசி போட்டு வைக்கிற பெட்டி, பழைய பாத்திரம் போட்ட பெட்டி எதையும் விட வேண்டாம்.

பேத்தி_71

எட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அத்தை ஊருக்கே போய்விட்டேன்.

பெட்டி இருக்கிறது! பரணில், பச்சை பெயிண்ட் அடித்து, உள்ளே பித்தளைக் குடங்களோடு. மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை. இருட்டிய பிறகு டார்ச்சை மூடியோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து அடித்தேன். பச்சைக்கு அடியில் பழைய எழுத்து மேடாகத் தெரிந்தது. நம்பரில் ஒரு இலக்கம் மட்டும் 3ஆ 8ஆ என்று சந்தேகம், மற்றது சுத்தமாக இருக்கிறது. பெயருக்கு முன்னால் இங்கிலீஷில் நாயக் என்று இருக்கிறது. தாத்தா சாதாரண சிப்பாய் என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம்.

பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய நியூஸ்பேப்பருக்குக் கீழே அசல் படமும் இருந்தது. உள்ளங்கை அளவுதான், நடுவில் மடிப்பு. சுபேதாரின் ரிப்பன் சரியான பக்கத்தில் இருக்கிறது. அதே டார்ச்சைப் பின்பக்கம் அடித்தேன், பென்சிலில் தமிழ் எழுத்து: "இடமிருந்து 4 நான். சுகம். பயப்பட வேண்டாம்."

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள், அதைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பழம்படம்

அசலை மடிப்பு நீட்டி அழுத்த வேண்டாம். லேமினேஷன் கூடவே கூடாது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். உள்ளங்கை அளவுப் படத்தில் கைப்பட்டை கடுகளவுதான் இருக்கும், அதற்கு அவ்வளவு வேண்டும். பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதிவிடாதீர்கள், பலர் அதைச் செய்துவிட்டு வருவார்கள்.

ஓய்வு_ஹவில்தார்

இரண்டு நம்பரையும் போட்டே எழுதுங்கள் தங்கச்சி. பெங்களூரில் எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில். நம்பர், ரேங்க், பெயர், தாத்தாவின் அப்பா பெயர், கிராமம், அந்தக் காலத்துத் தாலுகா, ஜில்லா. உங்கள் அப்பாவே கையெழுத்துப் போடட்டும், வாரிசு என்பதற்கான சான்று நகலையும் வையுங்கள். பெயரை இன்றைய ஸ்பெல்லிங்கில் மட்டும் எழுதாதீர்கள், பெட்டியில் இருக்கிறபடியே எழுதுங்கள். அந்தக் காலத்து கிளார்க் சாமி என்பதை நாலு விதமாக எழுதுவான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பென்ஷன் இல்லாமல் போரோடு வீட்டுக்கு வந்தவர்களின் முழு ஃபைலை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். லாங் ரோல் என்று ஒரு பதிவேடு மட்டும் இருக்கும். அதில் ஒருவருக்கு ஒரு வரிதான். ஆனால் சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி கிடைத்தால் உங்களுக்கு அதுவே பெரிது. எழுதத் தடுமாறினால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், உதவுவார்கள்.

நூலகப்பூனை

யூனிட் உறுதியானதும் லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பைத் தேடலாம். சாப்பர்களின் பெயர் அதில் அபூர்வம். ஆனால் எந்தத் தேதியில் எந்த ஆற்றில் பாலம் போட்டார்கள் என்பது வரை இருக்கும். படத்தில் உள்ள மற்றவர்களில் யாராவது திரும்பி வராமல் போயிருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் அவர் பெயர் இருக்கும். பலருக்கு அப்பா பெயரும் ஊரும்கூடப் போட்டிருப்பார்கள்.

பேத்தி_71

கடிதம் நேற்று போய்விட்டது. அப்பா கையெழுத்துப் போடும்போது மூன்று பேனா மாற்றினார்.

அசலை ஸ்கேன் செய்து, சரியான பக்கமாகப் பிரிண்ட் போட்டுப் புது ஃபிரேமில் மாட்டியாகிவிட்டது. பழையதை எடுத்து உள்ளே வைக்கப் போனேன், அம்மா விடவில்லை. நாற்பது வருஷம் பொட்டு வாங்கிய பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையோ, திடீரென்று நிறுத்தினால் அவன் என்ன நினைப்பான் என்கிறார். இப்போது இரண்டு ஃபிரேமும் பக்கத்துப் பக்கத்தில். புதியதில் தாத்தாவுக்கு ஒரு பொட்டு, பழையதில் அவருக்கு வழக்கம்போல ஒரு பொட்டு. அவர் கையில் பட்டை ஒன்றும் இல்லை, அண்ணா சொன்னபடி பார்த்தால் சாப்பர். கொஞ்சம் ஒல்லி, லேசாகச் சிரிக்கிறார், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. யாராவது வீட்டில் இந்த மாதிரி ஒரு தாத்தா இருந்தால் சொல்லுங்கள்.