லாங் பஜார் பழைய கடை: இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

வணக்கம். வேலூர் லாங் பஜார் பக்கம் எங்கள் தாத்தா காலத்து மளிகைக் கட்டடம், கீழே கடை, மேலே மூட்டை அடுக்கும் மாடி. இடித்துவிட்டு காம்ப்ளெக்ஸ் கட்டலாம் என்கிறார் சித்தப்பா, எனக்கு மனசு வரவில்லை.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. இரண்டு உத்தரம் மட்டும் சுவருக்குள் போகிற முனையில் கரையான், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் புசுக்கென்று இறங்குகிறது, ஒரு ஜாண் தள்ளிக் குத்தினால் இரும்பு மாதிரி நிற்கிறது. முன்பு ஒரு மேஸ்திரி சுவர் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டார், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிர்கிறது (அதற்குக் காசு கொடுத்ததும் நாங்கள்தான்).

அப்புறம், வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். எங்கள் கடை அந்த 100க்குள் வந்தால், பழுது பார்க்க அனுமதி கேட்கலாம், இடித்தால் வெறும் மனைதான். சித்தப்பா இதைக் காதிலேயே வாங்கவில்லை.

இந்தத் தூரத்தை முறைப்படி அளந்து வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உத்தரத்தின் முனையை மட்டும் வெட்டி மாற்றத் தெரிந்த ஆசாரி, சுண்ணாம்பு வேலை தெரிந்த இன்ஜினியர் இந்தப் பக்கம் கிடைப்பார்களா, செலவு எவ்வளவு ஆனது? ஆடி கழிந்ததும் ஜேசிபி வரும் என்று பேச்சு, அதற்குள் சொல்லுங்கள்.