மலையேற்றத்தில் மட்டும் விக்கும் வண்டி: பிளக்கைக் கழற்றிப் பொறி பார்த்தால் போதுமா?

ஆழியாறு தோப்புக்காரர்:
என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும் இந்த வண்டி, வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவதையோ ஒன்பதாவதையோ எட்டும்போது விக்கி விக்கி இழுக்கிறது. பட்டறையில், பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் வயரில் மாட்டி, இஞ்சின் உடம்பில் எர்த் ஆகும்படி வைத்துச் செல்ஃப் அடித்தார்கள். மூன்றிலும் நீல நிறப் பொறி வந்ததை நானும் கண்டேன். கரண்டில் குறையில்லை என்று சொல்லிக் கார்புரேட்டரைக் கழுவினார்கள், விக்கல் நிற்கவில்லை. அந்தச் சோதனையை நம்பலாமா?

கோபி பட்டறைக்காரர்:
தாராளமாக நம்பலாம், தம்பி. பொறிக்கான கரண்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்ட் செட் இருந்த காலத்திலிருந்து நான் அப்படித்தான் பார்த்து வருகிறேன். பொறி மஞ்சளாக மெலிந்து வந்தால், பேட்டரி கரண்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றும் காயில், பாயிண்டோடு சேர்ந்த கண்டென்சர் பக்கம் போக வேண்டும். நீலமாக, 'டக் டக்' என்ற ஓசையோடு வந்தால் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். ஏற்றத்தில் மட்டும் இழுப்பதற்குப் பெட்ரோல் பம்பின் டயாபிரம் என்ற சவ்வு தளர்ந்திருந்தாலும், ஃபில்டர் அடைத்திருந்தாலும் போதும். கார்புரேட்டரைக் கழுவியவர்கள் அவற்றைப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

பீளமேடு மின்பொறியாளர்:
கோபி அண்ணன் ஃபில்டரைச் சொன்னது சரி. பொறியைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். காயில் பாதி செத்திருந்தாலும் அதைத் தந்துவிடும். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நெரிக்கப்பட்டிருக்கும்போது, அதே இடைவெளியைத் தாண்டுவதற்குப் பல மடங்கு வோல்ட் வேண்டும். சமதளத்தில் மிதமாக ஓட்டும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் கொஞ்சமே திறந்திருப்பதால் உள்ளே போகும் காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு; மலையேற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதுதான் சிலிண்டர் நிறைந்து, பிளக் கேட்கும் வோல்ட் உச்சத்துக்குப் போகிறது. ஆகவே வெளியே பொறி வராவிட்டால் குறை உண்டு என்று சொல்லலாம். வந்துவிட்டது என்பதற்காகக் குறை இல்லை என்று சொல்ல முடியாது. இடைவெளியைக் கூட்டக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

கோபி பட்டறைக்காரர்:
டெஸ்டர் இல்லாமலேயே அதைச் செய்வோம், தம்பி. வயர் முனையை இஞ்சினிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்தால், பொறி தாண்டுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். திம்பம் மலைப்பாதையில் நடு இரவில் நின்றுபோன வண்டிக்கு டெஸ்டரை எங்கே தேடுவது?

ஈரோட்டு ஆசிரியை (தொழிற்பயிற்சி நிலையம்):
அண்ணா, பாயிண்ட் செட் வண்டியில் அது செல்லுபடியாகும் என்றாலும் மாணவர்களை நான் அப்படிச் செய்ய விடுவதில்லை. கை நடுங்கி இடைவெளி கூடினால், காயிலில் எழுந்த வோல்ட் போக வழியின்றிக் காயிலின் உள்காப்பைத் துளைக்கப் பார்க்கும். பாயிண்ட் செட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில், அதை இயக்கும் மாட்யூலும் போய்விடக்கூடும். செல்ஃப் அடிக்கும்போது பிளக் துளை வழியே பெட்ரோல் ஆவி பீறிடுவதால், பொறி அதற்கு அருகில் விழவே கூடாது. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள வண்டி என்றால் சோதனைக்கு முன் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிடுவது நல்லது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போனால் அதைப் பாழாக்கிவிடும்.

கோபி பட்டறைக்காரர்:
அம்மணி சொன்ன ஆவி விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஒரு முறை என் புருவ மயிர் கருகியிருக்கிறது. ஆனால் தோப்புக்காரருக்கு ஒரு முடிவு வேண்டுமே?

பீளமேடு மின்பொறியாளர்:
தோப்புக்காரர் இன்றிரவு இருட்டில் வண்டியை ஓடவிட்டு, வயர்களின் மேல் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்து, வயரிலிருந்து எங்காவது பொறி ஒழுகுகிறதா என்று கை படாமல் தள்ளி நின்று பார்க்கட்டும். இஞ்சின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடுகளால் அளக்கட்டும்.

ஆழியாறு தோப்புக்காரர்:
பார்த்துவிட்டேன். நடு சிலிண்டருக்குப் போகும் வயரிலிருந்து, அதைத் தாங்கும் கிளிப்பின் ஓரமாக, மெல்லிய நீலக் கோடு ஒன்று இஞ்சினுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. பிளக்குகளில் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.1 ஆகியிருந்தது. வயர் செட்டையும் பிளக்குகளையும் மாற்றிவிட்டு இன்று காலை பதினைந்தாவது வளைவு வரை போய் வந்தேன். ஒரு விக்கல்கூட இல்லை.

கோபி பட்டறைக்காரர்:
சந்தோஷம். இருந்தாலும் ஒன்று இடிக்கிறது. பட்டறையில் சோதித்ததும் அதே வயரை மாட்டித்தானே? அப்போது ஏன் ஒழுகவில்லை?

பீளமேடு மின்பொறியாளர்:
திறந்த வெளியில் இருந்த பிளக் 4,000 வோல்ட் அளவிலேயே பொறியை விட்டுவிட்டதால், வயரில் அழுத்தம் அதற்கு மேல் ஏறவே இல்லை, அண்ணா. காப்பில் இருந்த விரிசலைத் தாண்ட அதைவிடக் கூடுதலான வோல்ட் வேண்டும். ஏற்றத்தில், அதுவும் தேய்ந்த இடைவெளியோடு, பிளக் கேட்டது பல மடங்கு. அப்போது பிளக்கைத் தாண்டுவதைவிடக் கிளிப்புக்குத் தாவுவதே மின்சாரத்துக்கு எளிதாகிவிட்டது.

கோபி பட்டறைக்காரர்:
இது நியாயமாகத்தான் படுகிறது. நின்றுபோன வண்டிக்கு நான் இனியும் முதலில் பிளக்கைத்தான் கழற்றுவேன். ஏற்றத்தில் விக்கும் வண்டிக்கு மட்டும் அந்த டெஸ்டரை மாட்டிப் பார்க்கிறேன். கோவையில் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று சொல்லுங்கள், தம்பி.